கிள்ளான் கோட்டைக்கு ஆள் சேர்த்தேன்

ஊர் காட்டும் தொழிலில் ஊரைக் காட்டுவது சுலபம். கூட்டிப்போன ஆட்களை ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்காவது போய்வந்தவர்கள் என் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. பிழைக்க வந்த நாட்டின் கதை தெரியாமலே பிழைத்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் எங்கள் வாசகசாலையில் பேச்சு எழுந்தது. கிள்ளான் கோட்டை, கோலசிலாங்கூர் குன்று, அம்பாங் ஈயச் சுரங்கம் என்று இந்தச் சிலாங்கூர் மாநிலம் உருவான இடங்களை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ரயில் நேரமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சாமி இல்லாத இடம்

முதல் பயணம் கிள்ளானுக்கு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினேன். பத்துமலை என்றால் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே மூட்டை கட்டுகிறவர்கள், கோட்டை என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அங்கே என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். நிழல் உண்டா என்று இன்னொருவர். ஐந்து வரிசை வீடுகள் ஏறி இறங்கியும் என் நோட்டில் மூன்றே பெயர்தான், அதில் ஒன்று என்னுடையது.

ரயில்வே தண்ணீர்ப் பம்பு ஓட்டுகிறவரின் மனைவி அஞ்சலை அக்கா மட்டும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஈயத்துக்காகக் கிள்ளான் ஆற்றங்கரையில் நடந்த சண்டையை, எனக்குத் தெரிந்தவரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, சாமி இல்லாத இடத்துக்கு நான் எதுக்கு விடிகாலையில எழுந்து தலை குளிக்கணும்?"

பாய் பார்த்த கோட்டை

எப்படியோ இருபத்தாறு பேர் சேர்ந்துவிட்டோம். அஞ்சலை அக்காவும் தலை குளித்துவிட்டு வந்திருந்தார். கிள்ளானில் இறங்கி மேட்டில் ஏறியதும் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. மதிலும் அரண்மனையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்னால் புல் மூடிய ஒரு மண்மேடு இருந்தது, ஒரு பழைய வாசல் இருந்தது, அவ்வளவுதான். கட்டுச்சோற்றை எப்போது பிரிக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எங்களோடு ஜவுளிக்கடை காதர் பாய் வந்திருந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். அவர் மேட்டின் விளிம்புக்குப் போய் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தார். உள்நாட்டு ஈயமெல்லாம் இந்த ஆற்று வழியாகத்தானே கடலுக்குப் போயாக வேண்டும் என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் படகும் இந்த மேட்டுக்குத் தெரியாமல், வரி கட்டாமல் போக முடியாதே என்றார். பிறகு எல்லோரையும் விளிம்புக்குக் கூப்பிட்டு ஆற்றின் வளைவைக் காட்டினார். நான் இரண்டு வாரம் படித்துத் தயாரித்த சொற்பொழிவை அவர் ஒரே வரியில் முடித்தார்: "கோட்டைன்னு தேடுனா மண்ணுதான் தெரியும், இது அந்தக் காலத்து கல்லாப்பெட்டிங்க."

காப்பார் சகதி

கோலசிலாங்கூருக்கு வாடகை பஸ்ஸில் போனோம். வழியில் காப்பார் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சாலையில் பின்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் பார்த்தோம். நாங்கள்தான் வழுக்கி விழுந்தோமே தவிர பஸ் அசையவில்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து முப்பது பேர் போல வந்தார்கள், எல்லோரும் தமிழாட்கள். பலகையும் கயிறும் கொண்டுவந்து அரை மணி நேரத்தில் பஸ்ஸை மேடேற்றிவிட்டார்கள். அதோடு விடாமல் எங்களை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போய், அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுச் சம்பலும் கொடுத்தார்கள்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். குன்றின்மேல் இருக்கும் பீரங்கிகளைப் பற்றியும் கிள்ளான் கோட்டையைப் பற்றியும் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் எனக்குக் கிடைக்காத சபை அங்கே கிடைத்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மாரியாயி என்று, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ஒரு பெண், நாற்பது வயதைத் தாண்டியவர், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நாங்கள் புறப்பட்டபோது பஸ் வாசல்வரை வந்து அவர் கேட்டார்: "தள்ளிவிட மட்டும் நாங்க வரணும். இதுல நாங்க எப்ப ஏறுறது?"

துரையின் அறை

அதற்குப் பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மரவெட்டு உண்டு, வெள்ளைக்கார மேலாளரான துரையின் அனுமதி இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. ஆகவே மறுமாதம் கோட்டு மாட்டிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனேன். தோட்டத்துக் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், என்னை உள்ளே அழைத்துப் போனார். துரை எது சொன்னாலும் "எஸ் சார்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை என்று லயத்தில் சொல்லியிருந்தார்கள்.

துரை கோபப்படவில்லை. திருவிழாவுக்கு லீவு கேட்டால் புரிகிறது, கூலிக்காரர்களுக்குப் பழைய கோட்டையில் என்ன வேலை என்று சிரித்தபடி கேட்டார். ஒத்திகை பார்த்து வந்த இங்கிலீஷ் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கிராணி தொண்டையைச் செருமினார். அவர் நல்ல இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "காட்டை வெட்டித் தந்தவர்கள் இவர்கள்தான், ஐயா. வெட்டிய இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று ஒருநாள் பார்த்துவிட்டு வரட்டும்."

பாலத்தடியில்

பன்னிரண்டு பேருக்கு அனுமதி கிடைத்தது. மாரியாயி சலவை செய்த புடவையில், கொண்டை நிறையப் பூவோடு வந்தார். கிள்ளானில் கோட்டை மேட்டைப் பார்த்தோம், ஈயம் வைத்திருந்த பழைய கிடங்கை வெளியிலிருந்து பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் என்னிடம், இங்கே ரயில் ஆற்றைத் தாண்டும் பாலம் எது என்று கேட்டார். அவருடைய அப்பா அந்தப் பாலத்து வேலைக்காகத்தான் கப்பலேறி வந்தாராம். வேலை முடிவதற்குள் குளிர்காய்ச்சலில் போய்விட்டாராம். அப்போது மாரியாயி கைக்குழந்தை. பாலம் என் பட்டியலில் இல்லை. ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேலை நிமித்தம் மாதம் ஒருமுறை அதன்மேலேயே போய்வந்துகொண்டு, அதைப் பார்க்க வேண்டிய இடமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆற்றங்கரைக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். மாரியாயி கொண்டையிலிருந்து கொஞ்சம் பூவை எடுத்துத் தூணடியில் வைத்தார். அழவில்லை, நிமிர்ந்துதான் நின்றார். வேலை செய்தவர்கள் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கூட வந்த ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் துறைமுகத்து ரயில் வந்தது. தலைக்கு மேலே பாலம் முழுவதும் அதிர, கடைசிப் பெட்டி கடக்கும்வரை மாரியாயி கண்ணெடுக்காமல் பார்த்தார். சத்தம் அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பினார்: "பேரு இல்லாட்டி போவுது கிராணியாரே. இம்மாம் பெரிய ரயிலு பாலத்த நம்பி ஒரு நொடி நின்னு யோசிக்காம போவுது பாருங்க, அது போதும்."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகும் வழிகாட்டி என்ற பெயர் என்னவோ எனக்குத்தான் இருக்கிறது, வழியையெல்லாம் காட்டியதோ என்னோடு வந்தவர்கள்.