யன்னல் இல்லாத வீடு

வெறுங்காலில் ஏறும் அந்தக் குளிர்தான் முதலில் ஞாபகம் வருகிறது...

கொழும்பில் வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பியூட்டர் வகுப்பு. கோயில் மாதிரிச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் மெஷின் பழுதாகிவிடுமாம். ஏசி அறை, ஒரு கம்பியூட்டருக்கு இரண்டு பேர். கடற்கரைப் பக்கம் ரயில் போனால் ஸ்கிரீன் லேசாக நடுங்கும்.

என் பக்கத்தில் இருந்தவள் சுலோ. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அம்மாவோடு லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்தாள். இந்தக் கோர்ஸ் பாஸ் பண்ணிய சேர்ட்டிபிகேட் இருந்தால் கொலிஜில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் வந்ததும் கடை வேலைதான் என்று லண்டன் அண்ணன் சொல்லியிருந்தாராம்.

கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு புரோகிராம். பாவிப்பவரிடம் ஒரு எண் கேட்டு, அதை வைத்துப் படம் கீற வேண்டும். நான் வட்டங்கள் கீறினேன். சுலோ வீடு.

முதலில் ஓட்டியபோது கூரை கீழே, கதவு மேலே. கிராப் தாளில் மேலே போகப்போகக் கூடும் எண், ஸ்கிரீனில் கீழே போகப்போகத்தான் கூடும் என்பதை மறந்துவிட்டாள்.

"ஐயோ, குண்டு விழுந்த வீடு மாதிரிக் கிடக்கடி..." என்று அவளே சிரித்தாள்.

திருத்திய பிறகு அது "எத்தனை யன்னல்?" என்று கேட்டது. சொல்லும் எண்ணால் சுவரின் நீளத்தைப் பிரித்து, யன்னல்களை வரிசையாக வைத்தது. அவ்வளவு அழகு.

பரீட்சையன்று, எங்களுக்குப் படிப்பித்த சேர் குனிந்து, பூச்சியம் என்று அடித்தார்.

புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. பூச்சியத்தால் பிரிக்க முடியாதே.

"சேர், யன்னல் இல்லாம ஆர் வீடு கட்டுவினம்?" அவளுக்காக நான்தான் வாய் திறந்தேன்.

"பாவிக்கிற ஆள் எதையும் அடிப்பார், பிள்ள. பூச்சியம் வந்தா 'பிழையான எண்' எண்டு போட்டுவிடு. வகுப்பு முடியுறதுக்குள்ள திருத்து."

சுலோ கீபோர்டில் கை வைக்கவில்லை.

"அது பிழை இல்ல, சேர். எங்கட லொட்ஜ் அறைக்கு யன்னல் இல்ல. அதுக்குள்ளயும் இருக்கிறம்தானே."

சேர் அடுத்த மெஷினுக்குப் போனார்.

அவள் எழுதத் தொடங்கினாள். வகுப்பு முடியும் நேரம் அவர் திரும்ப வந்து பூச்சியம் அடித்தபோது, யன்னலே இல்லாத வீடொன்று வந்தது. கதவு மட்டும் திறந்திருந்தது. அதற்குள் நிறைய மஞ்சள் வெளிச்சம்.

"பாஸ்," என்றார். "அந்த லைட்ட மட்டும் நிப்பாட்டிடாத, பிள்ள."

சுலோ லண்டனில் படித்தாள். இன்றும் வட்ஸ்அப்பில் கதைக்கிறோம். என் மகள் டப்லட்டில் கலர் கட்டைகளை இழுத்து இழுத்துப் புரோகிராம் செய்கிறாள், சாப்பிட்டுக்கொண்டே... தூசிக்கு இப்போது யாரும் பயப்படுவதில்லை.

போன கிழமை ஒபிசில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை செய்த ஒன்லைன் விண்ணப்பப் பக்கத்தைச் சோதித்துப் பார்த்தேன். நிரந்தர முகவரியை வெறுமையாக விட்டால் சிவப்பில் 'பிழை' என்று வந்தது.

"முகவரி இல்லாத ஆள் என்ன செய்யுறது, தங்கச்சி?"

"அப்பிடி ஆர் அக்கா இருக்கினம்?"

கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் இருந்தேன். ஏனோ, செருப்பையும் கழற்றிக்கொண்டேன்.