மழை பெய்தால் உப்பு என்னாகும்?

இந்த ஊர்த் தொடர்வண்டி நிலையத்தில் வண்டி நான்கு நிமிடம் பிந்தினாலும் ஒலிபெருக்கி அதற்குக் காரணம் சொல்லிவிடுகிறது. தண்டவாளத்தில் இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன. எங்கோ ஒரு கதவு மூட மறுக்கிறது. காரணத்தைக் கேட்டதும் நடைமேடையில் நிற்பவர்களின் முகத்தில் வண்டியே வந்துவிட்டதைப் போன்ற அமைதி படர்கிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, 'இந்த வண்டியின் தாமதத்திற்குக் காரணம் முன்னர் ஏற்பட்ட தாமதம்' என்று அறிவித்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அருகில் நின்ற பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புதுச்சேரிப் பேருந்துக்காக நான் நின்ற நாள்கள் கணக்கற்றவை. அங்கே நடக்கும் உரையாடல் வேறு வகையானது. "இன்னாங்க, வண்டி இன்னும் வரலையா?" என்பார் ஒருவர். "வரும் வரும்" என்பார் மற்றவர். "போன வண்டி எப்பங்க போச்சி?" "அது போச்சிங்க." அத்துடன் இருவருக்கும் நிறைவு உண்டாகிவிடும்.

நான் இப்போது வாழ்வது ஹாலே என்னும் நகரத்தில். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், ஸாலே ஆற்றங்கரையில், ஒருகாலத்தில் உப்பினால் செழித்த ஊர் இது. உப்பளத் தொழிலாளியின் மகனான நான் இன்னோர் உப்பூரில் வந்து சேர்ந்தது தற்செயலே. என் மனைவிக்கு இங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் பணி கிடைத்தது. நான் உடன் வந்தேன். மரக்காணத்திற்கு அருகே பதினோராண்டுகள் பள்ளியாசிரியனாக இருந்தவன், இங்கே வந்து ஒரு குழந்தையைப்போல மொழி கற்று, பின்னர் ஒரு பள்ளியில் துணையாசிரியனாகச் சேர்ந்தேன். வரைபடங்களைத் தொங்கவிடுவது, பின்தங்கிய பிள்ளைகளின் அருகில் அமர்வது, தாள் திருத்துவது ஆகியவை என் வேலைகள். இரண்டாண்டு ஒப்பந்தம் ஜூலையோடு முடிவதாக இருந்தது. அதற்குள் எனக்கென்று ஒரு வகுப்பு ஒதுக்கப்பட்டால் ஆசிரியனாகத் தொடரலாம். இல்லையேல் நாற்பத்தைந்து வயதில், திக்கித் திக்கிப் பேசும் ஒருவனை வேறெந்தப் பள்ளியும் அழைக்கப்போவதில்லை. மே மாதத்தில் வரும் சிறப்பு வாரத்தில் என் பாடத்தைப் பார்த்து முடிவு செய்வதாகத் தலைமையாசிரியர் ஹெர் ஃபோகெல் சொல்லியிருந்தார். இங்கே மரியாதைக்காக ஆண்களின் பெயர்முன் 'ஹெர்' என்றும் பெண்களின் பெயர்முன் 'ஃபிரவ்' என்றும் சேர்ப்பார்கள்.

அவ்வாரத்தின் பொருள் 'காரணமும் விளைவும்'. எல்லாப் பாடங்களிலும் அதையே கற்பிக்க வேண்டும். நாங்கள் ஊரில் இதைக் கற்பித்த முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஏழு, ஒன்றை விட்டால் அரை மதிப்பெண் குறையும். பிள்ளைகள் அவற்றை விரல்விட்டு எண்ணியபடி ஒப்பிப்பார்கள். இங்கேயோ ஒவ்வோர் ஆசிரியரும் காரணத்தை ஒவ்வொரு விதமாகப் பிடித்தார்கள். வரலாற்றாசிரியர் ஒற்றைக் காரணத்தை ஏற்கவே மாட்டார். ஒரு போருக்கு ஒருவனின் சினம் போதாதென்பார். உயிரியல் ஆசிரியை இரண்டு தொட்டிகளில் ஒரே விதையை விதைத்து, ஒன்றை அலமாரிக்குள் பூட்டிவைத்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் காரணமென்று சொல்லக்கூடாதென்பது அவர் கட்சி. மொழியாசிரியை ஒரு கதையைத் துண்டுதுண்டாக வெட்டிக் கலைத்துப்போட்டு, அடுத்து நடந்ததெல்லாம் அதனால் நடந்ததாகுமா என்று கேட்டார். புவியியல் ஆசிரியை ஃபிரவ் லாங்கே என்மீது மிகுந்த பரிவுடையவர். தம் பாடவேளைகளை அவ்வாரம் முழுவதும் எனக்கே விட்டுத்தந்தார்.

திங்களன்று ஆறாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்தேன். 'ஒரு வாரம் இடைவிடாமல் மழை பெய்கிறது. உப்பு என்னாகும்?' பலர் 'கரையும்' என்று எழுதியிருந்தார்கள். லீனா என்னும் பதினொரு வயதுப் பெண் மட்டும் 'உப்பு பெருகும்' என்று எழுதியிருந்தாள். என் கை சிந்தனைக்குக் காத்திராமல் சிவப்பு மையால் பெரிய பெருக்கற்குறி ஒன்றைப் போட்டது. மழை பெய்தால் உப்பு பெருகும் என்று மரக்காணத்தில் ஒருவன் சொன்னால் அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதென்றே நினைப்பார்கள். பத்து நாள் வெயிலில் பாத்தியில் பூத்த உப்பு அரைமணி நேர மழையில் வெறும் நீராகும். அதை வாரக் காத்திருந்தவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. திருத்திய தாளைத் திரும்ப வாங்கியதும் லீனா எழுந்து, "ஏன்?" என்றாள். பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "மழை உப்பைக் கரைக்கும்" என்றேன். அவள் பேசாமல் அமர்ந்தாள். எங்கள் வகுப்பறைகளில் அவ்வாறு அமர்ந்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். இங்கே அது சான்று தேடப் புறப்பட்டதன் அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் உணவு இடைவேளையில் ஃபிரவ் லாங்கே என்னெதிரே வந்தமர்ந்து, பழைய படம் ஒன்றின் நகலை மேசைமேல் வைத்தார். ஆற்றில் மரக்கட்டைகள் தெப்பமாக மிதந்து வந்தன. "லீனா கொண்டுவந்தாள். இந்த ஊரில் உப்பை யாரும் காயவைக்கவில்லை, ஹெர் ஏழுமலை. கிணற்றின் உவர்நீரைக் கூரைக்குள் வைத்துக் காய்ச்சினார்கள். காய்ச்ச விறகு வேண்டும். விறகு ஆற்றில் வந்தது. ஆற்றில் நீர் குறைந்தால் கட்டைகள் தட்டி நின்றுவிடும். மழை பெய்தால்..." அவர் முடிக்கவில்லை. மழை பெய்தால் ஆறு பெருகும், விறகு வரும், அடுப்பெரியும், உப்பு பெருகும். அந்தச் சிறுமி நான்கு கண்ணிகளைக் கோத்து விடையை இரண்டே சொற்களில் எழுதியிருக்கிறாள். நானோ முதற்கண்ணியிலேயே வெட்டிவிட்டேன். "மதிப்பெண்ணை அமைதியாகத் திருத்திவிடுங்கள்" என்றார் லாங்கே, குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமை ஹெர் ஃபோகெல் வருகிறார். இதை அங்கே எடுக்க வேண்டாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் என் ஐந்தாம் வகுப்பே கண்முன் நின்றது. அரையாண்டுத் தேர்வில், 'மழை பெய்ததால்' என்று தொடங்கி ஒரு கோடிட்ட இடம் இருந்தது. 'எங்கள் அம்மாவுக்கு வேலை இல்லை' என்று நிரப்பினேன். உள்நாட்டு நெல்வயல் ஊரிலிருந்து வந்த எங்கள் ஆசிரியர் அதை அடித்துவிட்டார். தாள் கிடைத்தது தை மாதத்தில். பருவம் தொடங்குமுன் பாத்தியின் தரை இறுகுவதற்காகப் பலர் வரிசையாய் நின்று நாள்கணக்கில் மிதிப்பார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் சேறு கலந்துவிடும். அப்படி மிதித்துக்கொண்டிருந்த அம்மா, முழங்கால்வரை காய்ந்து வெளுத்த சேற்றுடன் நேரே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"சார், இவன் எழுதுனதுல இன்னாங்க தப்பு?"

"தப்பில்லம்மா. புக்குல 'பயிர் செழித்தது'ன்னு இருக்குது. அதத்தான் எழுதணும்."

"மழ பேஞ்சா எனக்கு வேல இல்லீங்களே."

"அது உங்க வீட்டு விஷயம்மா."

"அப்ப புக்கு எழுதுனவரு சோத்துல உப்பு போட்டுத் துன்றதில்லீங்களா?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். நான் பலகைக்கடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் பேனாவை எடுத்து அரை மதிப்பெண் போட்டார். அம்மா நகரவில்லை. "மீதி அர எதுக்குங்க கொறச்சீங்க?" "கையெழுத்துக்கும்மா" என்றார் அவர். அதை மட்டும் அம்மா மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்.

ஹாலேயில் வீடு சேர்ந்ததும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, லீனாவின் தாளில் நடந்ததைச் சொன்னேன். மரக்காணத்தில் முந்திய நாள்தான் பருவந்தப்பிய மழை கொட்டியிருந்தது.

"மழயில உப்பு ஜாஸ்தியாவுதா? நல்லா இருக்குதே உங்க ஊரு! இங்க வார வேண்டியதெல்லாம் தண்ணியா ஓடிப் போச்சி" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா?" என்றார்.

"மார்க்க மாத்திட்டேம்மா. தனியா கூப்ட்டு சொல்லிடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழம பெரிய சார் வந்து ஒக்கார்றாரு. அவரு எதிர்ல வேணாம்."

"தப்புன்னு போட்டப்ப யாரும் பாக்கலையா?"

"பாத்தாங்க."

"அப்ப அவங்க எதிர்லயே சொல்லு. வேல போச்சின்னா இங்க வந்துடு. பாத்தி மிதிக்க ஆளே கெடைக்கல."

"எனக்கு நாப்பத்தஞ்சி வயசும்மா."

"கால் இருக்குது இல்ல?"

வெள்ளியன்று ஹெர் ஃபோகெல் குறிப்பேட்டுடன் கடைசி வரிசையில் அமர்ந்தார். ஃபிரவ் லாங்கே சன்னலோரம் நின்றார். ஆயத்தம் செய்திருந்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, லீனாவின் விடை சரி, நான் போட்ட குறியே தவறு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். லாங்கே வெளியே பார்த்தார். கரும்பலகையின் நடுவில் மழையை வரைந்தேன். ஒருபுறம் மரக்காணத்துப் பாத்திகளை நான் வரைய, மறுபுறம் லீனா வந்து ஸாலே ஆற்றையும் கட்டைகளையும் வரைந்தாள். "உங்கள் ஊரிலும் கூரை போட்டுவிடலாமே?" என்று ஒருத்தி கேட்டாள். "கூரை போட்டால் வெயில் எப்படி உள்ளே வரும்?" என்று நான் கேட்பதற்குள் வேறு நால்வர் கேட்டுவிட்டார்கள். அதன்பின் என் இலக்கணப் பிழைகளை யாரும் பொருட்படுத்தவில்லை, நானும் மறந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் போனார்கள். ஹெர் ஃபோகெல் அமர்ந்தே இருந்தார்.

"ஏன் அந்தத் தவறு நேர்ந்தது?" என்றார். எங்கள் பக்கம் மேலதிகாரி 'ஏன்' என்று கேட்டால் அவர் சினங்கொண்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அதற்கு விடை சொல்வது பணிவன்று. நான் எழுந்து நின்று, "மன்னிக்க வேண்டும்" என்றேன். "சரி. ஆனால் ஏன்?" "இனி நேராது." அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "ஹெர் ஏழுமலை, நான் உங்களைக் கடியவில்லை. காரணம் கேட்கிறேன். இந்த வாரம் முழுவதும் நாம் பிள்ளைகளைக் கேட்டதும் அதைத்தானே?"

என் வாயில் அப்போது வந்தது முப்பத்தைந்தாண்டுகளுக்கு முந்திய விடை. "எங்கள் ஊரில் மழை பெய்தால் என் அம்மாவுக்கு வேலை இல்லை." அவர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, எழுந்து கோட்டை மாட்டியபடியே, ஆகஸ்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவு என்னுடையதென்றார். ஃபிரவ் லாங்கே என் கையைப் பற்றிக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பிரிவின் முதல் வாரத்தில், தங்களுக்கு வியப்பளிக்கும் ஏதேனும் ஒன்றுக்குக் காரணங்களை அம்புக்குறிகளால் வரைந்துவரும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். மாரா என்ற சிறுமி, 'எங்கள் ஆசிரியர் ஏன் இங்கிருக்கிறார்?' என்று தலைப்பிட்டிருந்தாள். மரக்காணத்தைப் பற்றியும் தொலைபேசியில் பேசும் அம்மாவைப் பற்றியும் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வரைந்திருந்தாள்: ஒரு கட்டத்தில் மரக்காணம், ஒரு கட்டத்தில் ஹாலே, இடையில் நீண்ட அம்பு, அதன்மேல் என் பெயர். அம்புக்கு இரண்டு முனையிலும் தலை போட்டிருந்தாள். அம்பு காரணத்திலிருந்து விளைவை நோக்கித்தான் செல்லும், திரும்பி வராது என்று விளக்கினேன். "உங்கள் அம்மா தொலைபேசியில் சொன்னால் இங்கே ஏதாவது மாறுகிறதா?" "மாறுகிறது." "நீங்கள் இங்கே செய்வதால் அங்கே?" அம்மாவின் சிரிப்பை எண்ணிக்கொண்டேன். "கொஞ்சம் மாறுகிறது." "அப்படியானால்?" என்றாள், அழிப்பானை என்னிடம் நீட்டியபடி. வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தாளைச் சுவரில் ஒட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் இடங்கண்டு அமர்ந்தபின் தொலைவில் நின்று பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கும் கட்டங்கள் இருந்தன. எனக்கென்று கட்டமில்லை, நான் அந்தக் கோடாக இருந்தேன்.