மௌன வகுப்புக்கு ஸ்பீக்கர் இரவல்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கும் பங்களாவில் இந்தச் சனி ஞாயிறு இசைப் பட்டறை. கொழும்பிலிருந்து இரண்டு டீஜேக்கள், ஒரு பயிற்சியாளர்.

நேற்று முழுக்க அவர்கள் போட்ட பாட்டில் எங்கள் கூரைத் தகரம் அதிர்ந்தது.

இன்று காலை எங்கள் கோயிலில் சாமிப் பாட்டு ஓடும்போது பயிற்சியாளர் இறங்கி வந்தார். "மலையோட மௌனத்தைக் கேக்கிற வகுப்பு நடக்குது. உங்க ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

குறைத்தோம். நேற்று நடந்தது என்ன வகுப்பு என்று கேட்கவில்லை.

மதியம் அடித்த மழையில் அவர்களுடைய ஸ்பீக்கர்கள் நனைந்து செத்தன. மனிதர் மறுபடியும் வந்தார், கோயில் ஸ்பீக்கரை இரவல் கேட்டு.

அதில் 'உபயம்: கீழ்ப்பிரிவு கொழுந்து பறிக்கும் பெண்கள்' என்று மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

"இது வீடியோவில விழும். கறுப்புத் துணி போட்டு மறைச்சிடலாமா?"

அந்தப் பெண்களில் ஒருவரான செல்லம்மா அக்கா அங்கேதான் நின்றார்.

"எங்க பேர மறைக்கிறதுன்னா ஸ்பீக்கர் இல்லீங்க. காலையில கேட்டீங்களே மௌனம், சாயங்காலமும் அதையே கேளுங்க."

இப்போது பங்களாப் பக்கம் சத்தமே இல்லை. வகுப்பு அருமையாகப் போகிறது.

சேர விரும்புகிறவர்கள் கமென்டில் பெயர் போடுங்கள். பயிற்சியாளர் மாறிவிட்டார், இனி செல்லம்மா அக்காதான்.