உள்ளே இடமில்லை

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சதுரங்கப் போட்டி. கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. என் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு, காதில் சொருகிய பென்சிலோடு நேரே வந்திருந்தார். முன்வரிசையில் ஒரு பல் இல்லை.

எனக்கு வெள்ளை, அவருக்குக் கறுப்பு. ராஜாவை மூலையில் வைத்து, சுற்றிலும் சிப்பாய்களை நெருக்கி நிறுத்திவிட்டார். நான் குதிரையை அனுப்பினேன், யானையை அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் நடுவருக்குக் கேட்காமல் சொன்னார்: "உள்ள எடமில்ல சார். அட்த்த வண்டில வா."

எரிச்சலில் ராணியைப் பலிகொடுத்து உள்ளே நுழையப் பார்த்தேன். முடியவில்லை, தோற்றேன். கோப்பையை அவர் தன் தோல்பைக்குள் திணித்துப் பார்த்தார். அதிலும் இடமில்லை. இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அடுத்த வாரம் மந்தைவெளியில், படிக்கட்டு வரை ஆள் தொங்கிய பஸ்ஸின் பின்னால் ஓடினேன். விசில் கேட்டது, பஸ் நின்றது. அவர்தான். கூட்டத்தை முதுகால் நெருக்கிக்கொண்டே கையை நீட்டினார்.

"ஏறு சார். எடம் கீது!"

அந்த ஓர் இடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.