சூழல் நல்ல பள்ளிக்கூடம்

மூன்று வாரங்களாக இந்தப் பக்கத்தில் கத்தரிக்காய் விலை, கரண்ட் கட் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியது வேறு. கை வரவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். போன் அடித்தது. பக்கத்து நர்சரி ஸ்கூல் பிரின்சிபால்.

“சார், உடனே வாங்க. உங்க பேத்தியைக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வந்திருக்கான். பிள்ளை தெரியாதுன்னு சொல்லுது. பிடிச்சு வச்சிருக்கோம். கேட்டா உங்க பேரைச் சொல்றான்.”

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எனக்குப் பேத்தி கிடையாது. பிடித்து வைத்திருக்கும் ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில். மாடி போர்ஷனில் ஒன்றரை வருடமாகச் செல்வராணி குடியிருக்கிறார். போஸ்ட் ஆபீஸில் கவுன்டர் வேலை. கணவருக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி உத்தியோகம், மாதம் இரண்டு முறை வந்து போவார். ஒரே மகள் யாழினி, நாலு வயது.

செல்வராணியின் சொந்த ஊர் உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமம். ஊருக்கு வெளியே, காலனி. அவருடைய தாத்தா அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். அப்பா மாயாண்டி கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கினார், நாலு மாடு வைத்திருக்கிறார். மகள் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டார். என் ஊரும் அதே பக்கம்தான். நாங்கள் ஊருக்குள் இருப்பவர்கள், நிலபுலம் உள்ள சம்சாரிகள். அந்தத் தாத்தா கூலிக்குப் போன காடு எங்களைப் போன்றவர்களுடையது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

வீடு கொடுக்க நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்... வீடு வாடகைக்கு விட்டதை ஒரு மனுஷன் ஏன் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

போன கோடையில் யாழினிக்கு எல்கேஜி தேட ஆரம்பித்தோம். ஆமாம், ‘தேடினோம்’. கேட்காமலே நானும் அதில் இறங்கிவிட்டேன்.

எங்கள் சந்தில் எல்லோரும் இருக்கிறோம். கறிக்கடை பாய் இருக்கிறார், சௌராஷ்டிரக் குடும்பம் இருக்கிறது, எதிர்வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். தண்ணீர் லாரி வந்தால் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் காலையில் ஏழு வேன் வருகிறது, ஏழும் ஏழு திசையில் போகிறது.

பள்ளிக்கூடம் விசாரிக்கிறவர்கள் முதலில் “ஸ்டாண்டர்டு எப்படி?” என்பார்கள். அடுத்த கேள்விக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். “சூழல் எப்படி?” மரம், காற்று, விளையாட்டு மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்த வீட்டுப் பிள்ளை உட்காரும்? இதுதான் சூழல். மதுரையில் பெற்றவர்கள் ஃபீஸ் கட்டுவது பாதி பாடத்துக்கு, மீதி இதற்கு.

இரண்டு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. “அங்கயே சேத்துறவா சார்? டீச்சர் நல்லவங்களாத் தெரியுது” என்று செல்வராணி கேட்டார்.

“அங்க வேண்டாம்மா. கண்டதும் வரும்” என்றேன். சொன்னது நான்தான். வீடு கொடுத்த பெருமைக்காரன்.

ஆக, ‘சூழல் நல்ல’ நர்சரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தி எழுதுகிறவன் என்பதால் பிரின்சிபாலுக்கு என்னைத் தெரியும். நல்ல மரியாதை. விண்ணப்பப் பாரத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தார்.

“சொந்த ஊர் எதும்மா?”

“உசிலம்பட்டி தாண்டி மேடம்.”

“அப்படியா, அந்தப் பக்கம் எனக்கு நல்லாத் தெரியும். ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?”

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு கேள்வி போதும். மூன்றாவது கேள்வி கேட்பதே கிடையாது. செல்வராணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“என் தங்கச்சி மகதாம்மா. கூடப் பிறந்த தங்கச்சி இல்ல, சித்தப்பா மக. வேற என்ன விவரம் வேணும்?”

ஏன் சொன்னேன்? உதவி என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் வேறு தோன்றுகிறது. செல்வராணி சொல்லவிருந்த பதிலைக் கேட்டால் பிரின்சிபாலின் முகம் ஒரு மாதிரி ஆகும். கூட வந்தவன் என்ற முறையில் அதை நானும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்றிருந்தது.

“முதல்லயே சொல்லக் கூடாதா சார்” என்றார் பிரின்சிபால். காபி வந்தது. பாரத்தில் சாதி என்றிருந்த கட்டத்தை அவராகவே நிரப்பினார். என் சாதியை. செல்வராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

திரும்பும்போது ஆட்டோவில், “எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?” என்றார்.

“ஒரு சீட்டுக்குத்தானம்மா. உள்ள போயிட்டா யாரு கேக்கப் போறா?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அவளுக்கு வாய் இல்லையா? நீங்க எதுக்குக் குறுக்க விழுந்தீங்க?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உனக்கு உலகம் தெரியாது என்று நானும் டிவியைப் போட்டுக்கொண்டேன்.

உள்ளே போன பிறகுதான் எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைகளை அழைக்க வரும் தாய்மார்கள் கேட்டில் நின்று பேசுவார்களே, அங்கே. “நீங்களும் நம்ம ஆளுகதானாமே, எந்தக் கோயில் கும்பிடுறீங்க?” என்று ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் செல்வராணி கீழே வந்து வாசலிலேயே நின்றார். “சார், எந்தக் கோயில்னு சொல்லணும்?”

பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தேன். என் குலதெய்வம், என் சித்தப்பா பேர், எந்த ஊரில் பெண் எடுத்தோம், எங்கே கொடுத்தோம். போஸ்ட் ஆபீஸில் நூறு பேருக்குப் பதில் சொல்கிற பெண், ஒரு நோட்டில் அதையெல்லாம் குறித்துக்கொண்டார். கேட்டில் என்னை ‘மாமா’ என்றார். யாழினிக்கு நான் ‘தாத்தா’ ஆனேன்.

நிஜத் தாத்தா ஒருவர் இருந்தாரே, அவரை என்ன செய்வது?

மாயாண்டி வெள்ளிக்கிழமைதோறும் வருவார். ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, நேராகப் பள்ளிக்கூடம் போவதாக ஏற்பாடு. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார். கேட்டில் நிற்கும் தாய்மார்களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் உண்டு. அவரைப் பார்த்தால் ஊர், தெரு எல்லாம் தெரிந்துவிடும்.

“கொஞ்ச நாளைக்கு அப்பாவை முக்கு பேக்கரிகிட்டயே நிக்கச் சொல்லும்மா. பிள்ளையை ஆயாம்மா கொண்டாந்து விட்டுரும்” என்றேன். ஆமாம், இந்த யோசனையும் என்னுடையதுதான்.

மாயாண்டி ஏன் என்று கேட்கவில்லை. “சரிய்யா” என்றார். அவர் வயதும் என் வயதும் ஒன்றுதான். செல்வராணி மகளிடம், ஸ்கூல் வாசலில் வைத்து அவரைத் தாத்தா என்று கூப்பிடக் கூடாது, யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். நாலு வயதுப் பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்யும்.

அந்த வெள்ளிக்கிழமை பேக்கரி பூட்டியிருந்தது. நல்ல வெயில், ஒதுங்க நிழல் இல்லை. ஸ்கூல் கேட்டை ஒட்டி வேப்பமரம் இருக்கிறது. மனுஷன் அங்கே வந்து நின்றுவிட்டார். ஆயாம்மாவும் அன்றைக்குப் புதுசு. பிள்ளைகள் வெளியே வந்ததும் யாழினியைப் பார்த்து, தன்னை மறந்து, கையை நீட்டியிருக்கிறார்.

“இவர் யாரு பாப்பா?” என்று கேட்டிருக்கிறாள் ஆயா.

“தெரியாது.”

அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ சொல்ல, வாட்ச்மேன் சட்டையைப் பிடிக்க, ரோட்டில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அடித்திருக்கிறார்கள். ஒரு அம்மா செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார். மாயாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘என் பேத்தி’ என்று. சொல்லவில்லை. என் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் போனபோது ஸ்டெப்பில் உட்கார்ந்திருந்தார். பட்டன் அறுந்து, உதடு வீங்கி இருந்தது. கொண்டுவந்த பச்சைக் கடலை வாசலெல்லாம் சிதறிக் கிடந்தது. யாழினி ஆபீஸ் ரூமில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இந்த ஆளைத் தெரியுமா?”

கேட்டில் இருபது பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“தெரியும்.”

“யாரு?”

இந்த இடத்தில் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். படிக்கிற உங்களில் யார் வந்து சரிபார்க்கப் போகிறீர்கள்? ஆனால் நான் சொன்னது இது: “எங்க ஊர்க்காரர்.”

மாயாண்டி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு விநாடி. பிறகு பிரின்சிபாலிடம், “ஆமாங்கம்மா. ஐயா ஊர்க்காரன்தான். பாப்பாவுக்குக் கடலை குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

அடி வாங்கியும் சீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தார். என் மானத்தையும் சேர்த்து.

செல்வராணிக்கும் போன் போயிருந்தது, அதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். ஆபீஸ் ஐடி கார்டு கழுத்தில் அப்படியே தொங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. பிரின்சிபாலையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அப்பா முன்னால் உட்கார்ந்து, உதட்டைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“யாருப்பா அடிச்சது?”

மாயாண்டி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ‘நம்ம ஆளுக’ என்று கொண்டாடிய பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள்.

செல்வராணி எழுந்து பிரின்சிபாலிடம் வந்தார். “பாரத்துல எங்க சாதி தப்பா எழுதியிருக்கு மேடம். அதைத் திருத்திட்டு, டிசி குடுங்க.”

“நாங்க அதெல்லாம் பாக்கிறதே இல்லம்மா” என்றார் பிரின்சிபால். என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க சார், நாங்க பாத்தமா?” என்றார். அவர் கேட்டதே இரண்டு கேள்விதான். பொய் சொன்னது நான்.

மறுநாள் சாயங்காலம் மாடி ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

“அன்னைக்கு எங்க அப்பா பேரைச் சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன். சீட்டு இல்லன்னு சொல்லியிருப்பாங்க. அம்புட்டுத்தானே? திரும்பி வந்திருப்பேன். இப்ப எம்பிள்ளை ராத்திரி எந்திரிச்சு, தாத்தாவைத் தெரியும்னு சொல்லவாம்மான்னு கேக்குது.”

திங்கட்கிழமை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. பாரத்தை அவரே நிரப்பினாராம். மனைவிதான் வந்து சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாக வந்தேன். மாநகராட்சிப் பள்ளி விடுகிற நேரம். எதிர்ச்சாரியில் ஒரு பூட்டிய கடை வாசலில் மாயாண்டி நின்றுகொண்டிருந்தார். இங்கே கேட்டுக்குப் போக யாரும் தடை சொல்லவில்லை. பாய் வீட்டுப் பேத்தி, எங்கள் சந்தில் தண்ணீர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் என்று கலகலவென்று வந்தன. யாழினி அவரைப் பார்த்துவிட்டு, “தாத்தா” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அவர் உடனே தூக்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். என்னைப் பார்த்ததும், நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.