பூமணி பிய்த்த பொட்டு

மதிலுக்கு அத்திவாரம் வெட்ட வந்த மேசன் இன்று காலை மண் குத்தும் அலவாங்கைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அம்மா, அந்த ஒரு முழ இடத்தில மட்டும் இறங்குதில்லை. கீழ கல்லோ?"

கல்லில்லை. அது பொட்டு இருந்த இடம். நானும் பக்கத்து வளவுப் பூமணியும் மிதித்து மிதித்து இறுகிய மண்.

நெற்றியில் வைப்பதைச் சொல்லவில்லை. ஓலை வேலியில் ஓராள் குனிந்து போக விடுகிற வழியை எங்கள் வேலணையில் பொட்டு என்போம். வேலிகளுக்கு நடுவே ஓடுகிற ஒழுங்கை ஆண்களுக்கும் சைக்கிளுக்கும். பெண்களுக்கு வேறொரு ஊர் இருந்தது. பொட்டுக்குப் பொட்டு குனிந்து போனால், றோட்டில் கால் வைக்காமல் பிள்ளையார் கோயில் பின்வீதி வரை போய்விடலாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எந்தப் பொட்டில் சேலை கிழியும், எந்த வீட்டு நாய் குரைக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். என் மனுசன் கொழும்புக் கடையில், மகன் பட்டணத்தில் படிப்பு. தனியே சமைத்தாலும் தனியே சாப்பிட்டதில்லை. "அக்கா, இண்டைக்குக் கூழோ? வாசம் இழுக்குது" என்று பூமணியின் தலை முதலில் வரும், பிறகுதான் ஆள்.

ஒருமுறை அவளுடைய ஆடு பொட்டால் வந்து என் மிளகாய்க் கன்றுகளைத் தின்றுவிட்டது. கன்று போனால் போகட்டும். அவள் சிரித்ததுதான் பொறுக்கவில்லை. "உங்கட மிளகாய்க்கு ஆடு தும்முது பாருங்கோ!"

அந்த வருசம் புது ஓலை கட்டி வேலி அடைக்க வந்தவரிடம், "பொட்டையும் சேர்த்து அடையுங்கோ" என்றேன். அவர் ஓலையும் கையுமாய் நின்றார். "யோசிச்சுத்தான் சொல்லுறியோ பிள்ளை?"

வேலிக்கு அங்கால் பூமணியின் குரல்: "நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ அக்கா. காத்தும் வராமல்."

புது ஓலை வாசம் போனதோடு என் கோபமும் போய்விட்டது. ஆனால் திறப்பம் என்று அவள் முதலில் கேட்கட்டும் என்று நானும், நான் கேட்கட்டும் என்று அவளும். வேலி ஒரு வருசம்தானே, அடுத்த அடைப்பில் விட்டால் போச்சு என்று இருந்தேன்.

அடுத்த அடைப்பு வரவில்லை. தொண்ணூறில், சண்டை முற்றி ஆமி வருகுது என்று ஊரே எழும்பி ஓடிய அன்று மத்தியானம், வேலியில் சரசரவென்று சத்தம். கத்தியால் கட்டுகளை அறுத்து, ஓலையைப் பிய்த்துக்கொண்டு பூமணியின் தலை வந்தது.

"அக்கா, எங்கட வாசல் படலையில ட்ரக்டர் நிக்குது. உங்களுக்கும் இடம் பிடிச்சிருக்கிறன். இதால வாங்கோ, கெதியா!"

நான் என்ன செய்தேன் தெரியுமோ? பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் றோட்டால வாறன்" என்றேன். அடைக்கச் சொன்னவளுக்கு அதற்குள்ளால் குனிய ஏலவில்லை.

ஒழுங்கையால் இரண்டு முடக்குத் திரும்பி அவளுடைய படலைக்குப் போனபோது புழுதிதான் நின்றது. சனம் நெருக்கியதில் சாரதி காத்திருக்கவில்லையாம். பூமணி பொட்டையே பார்த்துக்கொண்டு போனாள் என்று கூடப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். நான் நடந்தே யாழ்ப்பாணம் சேர்ந்தேன். அவள் வன்னிக்குப் போய், அங்கே காய்ச்சலில் முடிந்தாள். ஒரு தரமும் காணவில்லை.

நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது எங்கள் ஒழுங்கை முழுக்க மதில். மகன் வெளிநாட்டிலிருந்து சொல்லி, எனக்கும் எழும்புகிறது.

"மதிலில ஒரு பொட்டு விடலாமோ தம்பி?"

மேசன் சிரித்தார். "ஆருக்கம்மா? அங்கால ஆளில்லை, வெறும் பற்றைதானே."

உண்மைதான். மண் இளக ஒரு வாளி தண்ணீர் கேட்டார். கிணற்றில் அள்ளி வந்து நான்தான் ஊற்றினேன். பின்னேரம் அலவாங்கு இறங்கிவிட்டது.