சாஸ்தாவுக்குப் புறப்பட்ட வேன்

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலியில் வாடகைக்கு வண்டி பிடிப்பதும் ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் தொலைத்த செருப்பைத் தேடி எடுப்பதும் ஒன்றுதான். சென்னையில் இருப்பவர், பம்பாயில் இருப்பவர் எல்லோரும் அன்றைக்கு அவரவர் குடும்பச் சாஸ்தாவைக் கும்பிட வந்து இறங்கிவிடுவார்கள். அதனால்தான் பேட்டை ஆறுமுகத்தாய்க்கு அந்த ட்ரிப் கிடைத்தது. வேறு ஒரு வண்டி அகப்பட்டிருந்தால் கைலாசம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

ஆறுமுகத்தாய் பேட்டையிலேயே பிறந்து பேட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் பீடி சுற்றினாள். கணவர் சுடலைமுத்து சொந்தமாக ஒரு வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மழைநாளில் வேனின் கூரைமேல் தார்ப்பாய் கட்ட ஏறியவர் சறுக்கி விழுந்தார். முதுகு போயிற்று. வண்டியை விற்றுவிடச் சொல்லாதவர்கள் தெருவில் இல்லை. அவள் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டைச் சாலைகள் ஆளில்லாமல் கிடக்கும். பக்கத்து இருக்கையில் தலையணை அண்டை கொடுத்துச் சுடலைமுத்துவை உட்கார வைத்துக்கொண்டு அங்கேயே ஓட்டிப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். வாடகை வண்டி ஓட்ட வேண்டிய பேட்ஜும் வாங்கினாள்.

அந்த வேன் முன்பு குன்னூரில் ஓடியது. அதனால் ஏ.சி.யோடு ஹீட்டரும் அதில் இருந்தது. வேன் ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

“மதினி, சித்திர வெயில்ல ஹீட்டரப் போட்டு விட்டா உள்ளயே முறுக்கு சுட்டுரலாம்லா?” என்பான் ஜாஸ்பர். அவன் பாளையங்கோட்டைக்காரன். கார் வைத்திருந்தான். நல்லவன்தான்.

பள்ளிக்கூட ட்ரிப் அவளுக்குத் தடையின்றிக் கிடைத்தது. வெளியூர் ட்ரிப் மட்டும் வராது. ஸ்டாண்டில் முறை வைத்துத்தான் வண்டி விடுவார்கள். அவள் முறை வரும்போது மட்டும் யாராவது இரக்கப்பட்டு அந்த ட்ரிப்பை எடுத்துக்கொள்வார்கள். “வழியில வண்டி நின்னா பொம்பள ஒத்தையில என்ன செய்வா?” என்பார்கள். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். ஏற்றிய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிக் காட்ட வேண்டும். அந்த உத்திரத்தில்தான் முதல்முறையாக அது வாய்த்தது.

காலையில் கைலாசம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். அவர் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பார்வதியம்மாள், சென்னையில் இருந்து வந்திருந்த மகன் கார்த்திகேசன், மருமகள் சுகிர்தா, இன்னும் சில உறவுக்காரர்கள் எல்லோரும் பொங்கல் பானையும் விறகுமாக நின்றார்கள். குறுக்குத்துறையில் முகந்த ஆற்றுத் தண்ணீர் ஒரு பித்தளைக் குடத்தில் இருந்தது. அபிஷேகத்துக்காக அதன் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள்.

கார்த்திகேசன் ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தான். மேலே சாஸ்தாவின் பெயர். கீழே குடும்பத்தார் படங்கள். நடுவில், சாஸ்தாவின் பெயரைவிடப் பெரிதாகக் கைலாசத்தின் முகம்.

“முன்னாடி கெட்டணும்,” என்றார் கைலாசம்.

“முன்னாடி வேண்டாம் அண்ணாச்சி. காத்து போவணும். பின்னாடி கெட்டுவோம்.”

“பின்னாடி கெட்டுனா பின்னாடி வாரவன்தான பாப்பான்? எதுக்க வாரவன் பாக்க வேண்டாமா?”

முதல் வெளியூர் ட்ரிப்பில், வாசலிலேயே வம்பு வேண்டாம் என்று அவள் விட்டுக்கொடுத்தாள். முகப்பு முழுவதையும் மூடிக் கம்பியால் ஃபிளெக்ஸை இறுக்கிக் கட்டினார்கள். அதன்மேல் தடியாக ஒரு செவ்வந்தி மாலையும் ஏறியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார்கள்.

பத்தமடை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சேரன்மகாதேவியில் இருந்து களக்காட்டுச் சாலையில் திரும்பிய பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. வெயிலும் ஏ.சி.யும் சேர்ந்து செய்கிற வேலை என்று நினைத்தாள். பத்மநேரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் முன்பக்கம் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. கைலாசத்தின் முகத்துக்குப் பின்னால் இருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

வண்டியை ஒரு புளியமரத்து நிழலில் ஒதுக்கினாள். எல்லோரும் இறங்கினார்கள். அவள் ஃபிளெக்ஸுக்கும் முகப்புக்கும் நடுவில் கையை விட்டாள். அனல் அப்பியது. காற்றுப் புக ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. கட்டுக்கம்பியை முறுக்கித் தளர்த்தி ஃபிளெக்ஸைக் கழற்றினாள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் நுனியில் வெடித்திருந்தது. கார்த்திகேசன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். அவன் கையை அவள் தட்டிவிட்டாள்.

“தொடாதிய தம்பி! மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்.”

பேட்டை மெக்கானிக் அசன் மைதீனுக்குப் போன் போட்டாள். உத்திரத்தன்று மற்ற பட்டறைக்காரர்கள் எல்லோரும் அவரவர் சாஸ்தாவுக்குப் போயிருப்பார்கள். திறந்திருப்பது அவர் பட்டறை ஒன்றுதான். ஆனால் அந்த வருஷம் உத்திரம் வெள்ளிக்கிழமையில் வந்திருந்தது.

“இப்ப கெளம்புனா ஜும்மா போயிரும் தாயி,” என்றார் அவர். “தொழுதுட்டுப் புதுக் குழாயோட வாரேன். எங்கன நிக்கே?”

“இங்கன நிக்க மாட்டேன் அண்ணாச்சி. கோயிலுக்கு வாங்க.”

கைலாசத்துக்கு மதியப் பூசைதான் கவலை. அந்த வருஷம் முதல் பொங்கல் அவர் வீட்டு முறை. உச்சிக்குள் போய்ச் சேராவிட்டால் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அவரும் போனை எடுத்தார்.

“ஜாஸ்பரா? ஒன் காலச் சவாரி முடிஞ்சிட்டா? நம்ம வண்டி வழியில நின்னுட்டு... ஆமா, அந்தப் பொம்பள வண்டிதான்... உடனே வாரியா? ரெண்டு நடையா ஏத்திக்கிடலாம்.”

அது ஆறுமுகத்தாயின் காதில் விழுந்தது. ஜாஸ்பர் வந்து இவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இனி அவளுக்கு வெளியூர் முறையே வராது; எவனும் இரக்கம்கூடப் பட வேண்டியிருக்காது. அவன் வந்து சேருமுன் வண்டி ஓட வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

அந்த வேனில் மேலே இருந்து கை நுழையாது; குழாயை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைக் கீழே இருந்துதான் தளர்த்த வேண்டியிருந்தது. தரை சுட்டது. ஃபிளெக்ஸை விரித்து அதன்மேல் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனாள். அவள் தோள் சரியாகக் கைலாசத்தின் மூக்கின்மேல் பதிந்தது.

“ஏட்டி, எங்க வீட்டுக்காரர் மூஞ்சி இப்பதான் ஒரு காரியத்துக்கு ஆவுது,” என்றார் பார்வதியம்மாள். சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

“சிரிங்க, சிரிங்க,” என்றார் கைலாசம். “பங்காளி பொங்க வச்சதும் அவனும் சிரிப்பான்.”

தேங்காய் வெட்ட வைத்திருந்த அரிவாளால் வெடித்த நுனியை அறுத்தெறிந்தாள். குழாய் நீளம் குறைந்துபோயிற்று. முழங்காலை அண்டை கொடுத்து இழுத்துச் செருகி, பட்டையைப் போட்டு முடுக்கினாள். அதற்கு மேலும் ஃபிளெக்ஸ் கட்டியிருந்த கம்பியை எடுத்துச் சுற்றி முறுக்கினாள். விரலில் ரத்தம் வந்தது.

இனித் தண்ணீர் வேண்டும். எல்லோருடைய கண்ணும் பித்தளைக் குடத்தின் மேல் போயிற்று. கைலாசம் அதை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

“இது அபிஷேகத் தண்ணி.”

“அது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. பொங்கப் பானையத் தாங்க.”

சாலைக்கு மேற்கே ஏத்தன் ரக வாழைத்தோப்பு. பம்புசெட்டுக்குக் கரண்டு இல்லை. தொட்டியில் மட்டும் பாதித் தண்ணீர் கிடந்தது. அவளும் சுகிர்தாவும் பானையில் முகந்து சுமந்து வந்தார்கள். ஊற்றிய முதல் பானை, பட்டை இடுக்கு வழியாக அப்படியே தரைக்குப் போயிற்று.

“போச்சு,” என்றார் கைலாசம்.

“போவல. பட்ட கோணிட்டு.” மறுபடியும் படுத்தாள். கழற்றினாள், நேராக வைத்தாள், முடுக்கினாள். மறுபடியும் தோப்புக்கு நடந்தாள். இரண்டாம் முறை ஊற்றியது நின்றது. அவள் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்பரின் கார் பின்னால் வந்து நின்றது.

“என்ன மதினி, நின்னுட்டா?”

“நின்னுச்சு. இப்ப ஓடுது.”

ஜாஸ்பர் குனிந்து குழாயைப் பார்த்தான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான். “சூடு ஏறுனா மறுபடி புடுங்கிரும்.”

“ஏற விட மாட்டேன். ஹீட்டர் இருக்குல்லா?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினின் சூட்டை இழுத்துத்தான் ஹீட்டர் உள்ளே விடுகிறது. அதைத் திறந்துவிட்டால் எஞ்சினில் சூடு இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஏறும். ஜாஸ்பர் கைலாசத்தைப் பார்த்தான். “அண்ணாச்சி, உங்களுக்கு எந்த வண்டி?”

பார்வதியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். “நம்மள ஏத்துனவ அவ. அவதான் எறக்கணும்.” மற்றவர்களும் ஏறினார்கள். கைலாசம் மட்டும் குடத்தோடு ஜாஸ்பரின் ஏ.சி. காரில் போய் உட்கார்ந்தார். “பின்னாலயே பைய வா. எப்படியும் நிக்கத்தான் போறா.”

பங்குனி வெயிலில், எல்லா ஜன்னலையும் திறந்து, ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, ஆறுமுகத்தாய் வண்டியை எடுத்தாள். காலில் அனல் அடித்தது. கார்த்திகேசன் சட்டையைக் கழற்றினான்.

“ஏ.சி. வண்டின்னுலா சொன்னாங்க!”

“தம்பி, வேர்வ சாமிக்கு நல்லது,” என்றாள் அவள். பார்வை ரோட்டிலும் முள்ளிலும் மாறி மாறி நின்றது. முள் ஏறும்போது வேகத்தைக் குறைத்தாள். நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி ஆற விட்டாள். நிறுத்தும்போதெல்லாம் பின்னால் காரும் நின்றது. நின்ற காரில் இருந்து ஒரு தலை ஆவலோடு எட்டிப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. கொட்டுச் சத்தம் அங்கேயே கேட்டது. அவள் மறுபடியும் நிறுத்தினாள்.

“நடந்துருவோமா ஆறுமுகத்தாய்? கிட்டதான?” என்றார் பார்வதியம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

“கொஞ்சம் பொறுங்கம்மா. இங்கன எறக்குனா எறக்குனதா ஆவாது.”

பானையில் மிச்சம் வைத்திருந்த தோப்புத் தண்ணீரை ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் பையப் பைய ஊற்றினாள். ‘சுர்’ரென்று ஆவி எழுந்து அடங்கியது. முள் இறங்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு முதல் கியரைப் போட்டு ஏற்றினாள். எஞ்சின் முனகியது. கோயில் மைதானத்தில் ஆலமரத்தடியில் வேன் போய் நின்றபோது பங்காளி வீட்டார் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். பார்வதியம்மாள் முதலில் இறங்கிப் பானையைக் கழுவினார்.

முதல் பொங்கல் கைலாசம் வீட்டுப் பானையிலேயே பொங்கியது.

ஜும்மா முடிந்து அசன் மைதீன் வந்து சேர்ந்தார். புதுக் குழாய் மாட்டினார். பழைய குழாயில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்க்க அவருக்கே நெடுநேரம் ஆயிற்று. “என்னத்தக் கட்டு கெட்டியிருக்கா!” என்று முணுமுணுத்தார். ஜாஸ்பர் பக்கத்தில் நின்று பிரசாதம் தின்றுகொண்டு பார்த்தான். ஸ்டாண்டில் இதை யார் சொல்லப்போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனே சொல்லிவிடுவான். அவன் வாய் அப்படி.

சாயங்காலம் புறப்படும் நேரத்தில் ஜாஸ்பர் கார்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கைலாசம் காலிக் குடத்தோடு இரண்டு வண்டிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார்.

“நீ கெளம்புலே,” என்று ஜாஸ்பரிடம் சொல்லிவிட்டு வேனுக்கு வந்தார். மடித்துக் கிடந்த ஃபிளெக்ஸை விரித்துப் பார்த்தார். அவர் மூக்கின்மேல் கிரீஸும் புழுதியும் அப்பியிருந்தன.

“இத எங்க கெட்ட?” என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

“பின்னாடிதான்.” ஏறி உட்கார்ந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். “ஏட்டி, இப்பவும் ஹீட்டரு போடுவியா?”

“தேவப்பட்டா போடுவேன் அண்ணாச்சி.”

வண்டி இறக்கத்தில் இறங்கியது.